நாற்பது நாள் சொல்லாத சேதி

சுரேந்திரனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த சேதி 2007-ஆம் வருடம் ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாந்தகுமாரியின் வீட்டுக்குத்தான் வந்தது. அந்தக் குடும்பத்தில் போன் இருந்த ஒரே வீடு அவளுடையது. பர்மாவில், அலோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாடி வீடு, வாசலில் கார், கூடத்தில் போன். அவள் கணவன் விநாயகமூர்த்தி கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் பெரிய ஆள். கல்யாணமாகி மூன்று வருடம். சாந்தகுமாரிக்கு அப்போது முப்பது வயது.

அண்ணன் பேசப் போகிறான் என்று அப்பா மாரிச்சாமி, அம்மா பவுனம்மாள், தங்கை சத்யபாமா, அவள் புருஷன் முரளிதரன், அவர்களுடைய கைக்குழந்தை மஞ்சுளா எல்லோரும் அதே ஊரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். விசா லாட்டரியில் பேர் விழுந்து ஏழு வருடத்துக்கு முன்பு ஹூஸ்டன் போனவன் சுரேந்திரன். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள் சாந்தகுமாரி.

"நான் சிட்டிசன் ஆயிட்டேன். இனிமே உங்களையெல்லாம் கூப்பிட்டுக்கலாம். அப்பா அம்மாவுக்குச் சீக்கிரம் கிடைச்சிடும். கூடப் பொறந்தவங்களுக்கு வரிசை இருக்கு. பத்துப் பதினஞ்சு வருசம் ஆனாலும் ஆகும். ஆனா இப்பவே பேர் போட்டு வச்சாத்தான் உண்டு. ரெண்டு பேரும் பொறந்த சர்டிபிகேட்டும் குடும்பப் பட்டியலும் அனுப்புங்க" என்றான் அவன்.

அப்பா, "இங்க ரெண்டு பொண்ணை விட்டுட்டு நாங்க எங்க வர்றது" என்று அங்கேயே முடித்துவிட்டார். சத்யபாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். சாந்தகுமாரி சிரித்தாள்.

"பதினஞ்சு வருசம் காத்துக் கெடந்து அங்க வந்து நான் என்னாண்ணே பண்றது? உன்னை மாதிரி ஓட்டல்ல பாத்திரம் கழுவவா?"

அந்தப் பக்கம் சுரேந்திரன் கொஞ்சம் தாமதித்து, தானும் சிரித்தான். "சரி, ஒனக்கு வேணும்னா அப்புறம் சொல்லு" என்றான்.

சத்யபாமா மறுவாரமே சான்றிதழ்களை அனுப்பினாள். பிப்ரவரி கடைசியில் அவள் பெயர் வரிசையில் ஏறியது. சாந்தகுமாரி அதை மறந்தே போனாள். தங்கை ஒரே அறை வீட்டில், பஸ் மெக்கானிக் புருஷனோடு, எண்ணெய்க் கறை படிந்த துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இவள் பண்டிகைக்குப் பண்டிகை அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கிற இடத்தில் இருக்கிறவளுக்கு வாங்குகிறவள் மேல் என்ன பொறாமை வரும்?

பதினான்கு வருடம் அப்படியே போனது. இடையில் அப்பா இறந்தார். சாந்தகுமாரிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பிறகு 2021 வந்தது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. துறைமுகத்தில் வேலை நின்றது. ஜூலை மாதம் விநாயகமூர்த்திக்குக் கொரோனாக் காய்ச்சல் கண்டது. ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்காக அலைந்த நாட்கள் அவை. முரளிதரன் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது, விநாயகமூர்த்தி இறந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகுதான் தெரிந்தது, வீடு கம்பெனி வாடகையில் இருந்த வீடு, கார் கம்பெனிக் கார் என்பது. சாந்தகுமாரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு, தங்கை இருந்த அதே மிங்கலா தாங்ஞுன்டில், தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்காம் மாடியில் ஓர் அறைக்குக் குடிவந்தாள். அறை பார்த்துக் கொடுத்தவள் சத்யபாமா. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் முரளிதரன். பழைய சோற்றுப் பானையிலிருந்து புதுக் கொசுவலை வரை தங்கை வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது சாந்தகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நன்றியினால் அல்ல என்பது அவளுக்கே தெரியும்.

பள்ளியில் இங்கிலீஷில் முதலாவதாக வந்தவள் அவள். அந்தப் படிப்பு இப்போது சோறு போட்டது. டவுன்ஷிப் ஆபீசுக்கு எதிர் வரிசையில் அப்துல் பாரி நடத்திய ஜெராக்ஸ் கடையில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்தாள். பர்மிய மொழியில் இருக்கும் குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், மப்போண்டின் என்கிற அடையாள அட்டை எல்லாவற்றையும் இங்கிலீஷில் தட்டச்சு செய்து, நோட்டரி முத்திரைக்கு அனுப்ப வேண்டும். ஊரில் கால்வாசிப் பேர் வெளியே போகத் துடித்த வருடங்கள் அவை. காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். தாய்லாந்து, ஜப்பான், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக ஆட்களை அவள் விரல்கள் அனுப்பி வைத்தன. அந்த முகங்களைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. அவர்கள் யாரோ.

2022-இல் ஒருநாள் வெட்கத்தைத் தின்றுவிட்டுச் சுரேந்திரனிடம் சொன்னாள். "அண்ணே, எனக்கும் பேர் போட்டு வையேன்." அவன் அந்த மாதமே போட்டுவிட்டான். பழைய பேச்சை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள், மனசு லேசாகியிருக்கும். அவன் அவ்வளவு நல்லவனாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வரிசையில் அவள் இடம் தங்கையின் இடத்துக்குப் பதினைந்து வருடம் பின்னால் இருந்தது. அவள் முறை வரும்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயதாவது இருக்கும்.

சத்யபாமாவுக்கு ஈமெயில் கிடையாது. சுரேந்திரன் விண்ணப்பத்தில் கொடுத்திருந்த தன் பழைய ஈமெயில் முகவரியை எப்போதோ விட்டுவிட்டான். அதனால் தங்கையின் விஷயமாக விசா மையத்திலிருந்து எது வந்தாலும் சாந்தகுமாரியின் ஈமெயிலுக்கு வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். 2024 பிறந்ததிலிருந்தே வரிசை சத்யபாமாவின் தேதியை நெருங்கிக்கொண்டிருந்தது. அது எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அண்ணன் வீடியோவில் பேசும்போது வீட்டில் மாடி அறையை அவர்களுக்காக ஒழித்து வைத்திருப்பதைக் காட்டினான். போனை அம்மா பிடித்திருப்பாள். சாந்தகுமாரி பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே புல்தரை, ஒரு நீல நிறத் தொட்டி. சத்யபாமா போக்யோக் மார்க்கெட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்து அக்காவிடம் போட்டுக் காட்டினாள்.

"எப்படியிருக்குக்கா?"

"ஹூஸ்டன்ல குளிரே கிடையாதுன்னு அண்ணன் சொல்லலயா?"

"மேல பறக்கும்போது குளிருமாம்ல" என்று சிரித்தாள் சத்யபாமா.

அன்று பவுனம்மாள் சொன்னாள்: "இவளாச்சும் கரையேறட்டும்." அந்த 'இவளாச்சும்' ஒரு வாரம் சாந்தகுமாரியின் காதில் கிடந்தது. அம்மாவுக்குச் சோறு போடுபவள் யார், ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்ப்பவள் யார்? சொல்லிக் காட்ட முடியாது. சொல்லிக் காட்டினால் அதற்கும் தங்கையே ஓடி வந்து, "அம்மாவை நான் ஒரு மாசம் வச்சுக்கிறேன்க்கா" என்பாள்.

டிசம்பர் 16, திங்கட்கிழமை. காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். விசா மையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சத்யபாமாவின் முறை வந்துவிட்டது. இன்னின்ன ஆவணங்களை அனுப்புங்கள், எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் தூதரகத்தில் நேர்காணல் கிடைக்கும் என்று இருந்தது.

சாந்தகுமாரி அதை இரண்டு தடவை படித்தாள். நெஞ்சுக்குள் எதையோ பிசைவதுபோல இருந்தது. எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு அந்தக் கடிதத்தை, இன்னும் படிக்காத கடிதம்போல் தடித்த எழுத்தில் தெரியும்படி மாற்றி வைத்தாள். மூடினாள்.

பதினொரு மணிக்குச் சத்யபாமா மீன் குழம்புத் தூக்கோடு வந்தாள். தினமும் கேட்பதுபோலவே கேட்டாள். "மெயில் ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"கரண்டே இப்பத்தான் வந்துச்சு. இன்னும் பாக்கல."

அது முதல் பொய். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்த ஒரு பகல் மட்டும் தங்கையும் தானும் ஒரே மாதிரி இருப்போம், இரண்டு பேரும் இந்த ஊரில் மாட்டிக்கொண்டவர்களாக இருப்போம் என்று நினைத்தாள். சாயங்காலம் கோயிலில் சத்யபாமா மஞ்சுளாவோடு நின்றாள். மஞ்சுளா புதிதாகத் தலைமுடியை வெட்டியிருந்தாள். "அமெரிக்கா போற புள்ளைல்ல" என்று யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள். சாந்தகுமாரி சொல்லவில்லை. மறுநாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாள். அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம். இப்படியே ஒரு வாரம், இரண்டு வாரம். "வந்துச்சாக்கா?" "வரல." "வந்துச்சாக்கா?" "வந்தா நானே ஓடி வர மாட்டேனா?" ஒவ்வொரு 'வரல'வுக்கும் தங்கையின் முகம் கொஞ்சம் வாடும். அந்த வாட்டத்தைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் சாந்தகுமாரிக்கு வயிற்றில் எரிச்சல் அடங்கும். பிறகு தன்மேலேயே அருவருப்பு வரும். சாப்பிடாமல் இருப்பாள். ஆனாலும் சொல்லவில்லை.

நல்ல புத்தி வந்து அவள் அதை வெளியிட்டாள் என்று சொல்ல வழியில்லை. ஜனவரி 25-ஆம் தேதி காலை சுரேந்திரன் போனில், "இவ்வளவு நாள் ஆகாது. நான் ஒரு வக்கீலை வச்சு விசாரிக்கப் போறேன்" என்றான். விசாரித்தால் தேதி தெரிந்துவிடும். பயம் பிடித்தது. உடனே கடைக்கு ஓடினாள். கடிதத்தை அச்செடுக்கும்போது தேதி இருந்த முதல் பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கங்களை மட்டும் எடுத்தாள். தங்கை வீட்டுப் படியேறி, மூச்சு வாங்க நின்று, "இன்னிக்குத்தான் வந்துச்சு" என்றாள்.

சத்யபாமா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் சாந்தகுமாரி வெறி பிடித்தவள்போல வேலை செய்தாள். ஆவணங்கள் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தாள், மூன்று தடவை சரிபார்த்தாள். போலீஸ் சான்றிதழுக்கு முரளிதரன் அலைந்தான். கைரேகை எடுக்க ஒருநாள், கையெழுத்துக்கு ஒருநாள், பெரிய அதிகாரி ஊரில் இல்லாமல் எட்டு நாள். மொத்தம் பத்து நாள் ஆயிற்று. மார்ச் முதல் வாரம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுவாரம் நேர்காணல் தேதி வந்தது. ஜூன் 17.

இந்தத் தடவை வந்த நிமிடத்திலேயே சொன்னாள்.

மே மாதத்துக்குள் சத்யபாமாவின் வீடு காலியாயிற்று. கட்டில் ஒருவருக்கு, தையல் மெஷின் ஒருவருக்கு, பாத்திரங்கள் கோயில் சமையலுக்கு. முரளிதரன் பஸ் டிப்போவில் பார்த்த வேலையை விட்டுவிட்டான். அறையை ஜூன் கடைசியில் ஒப்படைப்பதாகச் சொல்லியாயிற்று. அம்மாவின் பெயரிலும் சுரேந்திரன் இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தான். அப்பா இல்லாத பிறகு அவள் மனசு மாறியிருந்தது. அம்மாவும் கிளம்பிவிடுவாள். தான் மட்டும் இந்த நான்காம் மாடியில் மிஞ்சுவோம் என்று சாந்தகுமாரி கணக்குப் போட்டுவைத்திருந்தாள்.

ஜூன் மாதம் ஐந்தாம் தேதி காலையில் அப்துல் பாரி கையில் போனோடு கடைக்குள் வந்தார்.

"சாந்தாம்மா, இதைப் படி. அமெரிக்கா நம்ம நாட்டாளுங்களுக்குக் கதவைச் சாத்துது. ஒம்பதாம் தேதியிலேருந்தாம்."

அவள் படித்தாள். பன்னிரண்டு நாடுகள். பர்மா அதில் ஒன்று. அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கு விலக்கு உண்டு. கணவன் மனைவிக்கு உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு உண்டு. உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே விசா கையில் இருப்பவர்கள் போகலாம்.

அவளுக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை அவள் பிறகு எவரிடமும் சொன்னதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சில் காற்று புகுந்ததுபோல் இருந்தது. சத்யாவும் போகப் போவதில்லை. அடுத்த நொடி டிசம்பர் 16 ஞாபகம் வந்தது.

நேர்காணலுக்குப் போனார்கள். ஆவணங்கள் எல்லாம் சரி, ஆனால் இப்போது விசா தர முடியாது என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அறையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஜூன் 30 அன்று சத்யபாமாவும் முரளிதரனும் மஞ்சுளாவும் மூன்று சூட்கேசுகளோடு சாந்தகுமாரியின் அறைக்கு வந்தார்கள். அமெரிக்காவுக்கென்று வாங்கிய சூட்கேசுகள்.

ஒரே அறையில் ஐந்து பேர். வெளியே விடாத மழை. துணி காயவில்லை. மஞ்சுளா மூலையில் உட்கார்ந்து பர்மிய மொழியில் சிநேகிதிகளோடு மெல்லப் பேசிக்கொண்டிருப்பாள். கேட்டால் "ஒண்ணுமில்ல பெரியம்மா" என்பாள். சத்யபாமா அழவில்லை. கோபப்பட்டாள். அவள் கோபமெல்லாம் முரளிதரன்மேல் பாய்ந்தது.

"எட்டு நாள். எட்டே எட்டு நாள் முந்தியிருந்தா விசா கையில இருந்திருக்கும். போலீஸ் சர்டிபிகேட்டுக்குப் பத்து நாள் எடுத்தியே! அன்னிக்கு அந்த ஆபீஸ் வாசல்லயே உக்காந்திருந்தா ரெண்டு நாள்ல வாங்கியிருக்கலாம். டீக்கடையில உக்காந்திருந்திருப்பே. எம் பொண்ணோட வாழ்க்கையை டீக்கடையில குடிச்சுட்டு வந்துட்டே."

முரளிதரன் முதல் நாள், "அதிகாரி இல்லைன்னா நான் என்னா பண்ண" என்று மட்டும் சொன்னான். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டான். காலையும் மாலையும் அதே பேச்சு. சோற்றில் கை வைக்கும்போது அதே பேச்சு. அவன் பாதியில் கை கழுவி எழுந்து, நாலு மாடி இறங்கி, மழையில் போய் நிற்பான். டிப்போவில் திரும்ப வேலை கேட்டான். இடமில்லை என்றார்கள். ஆள் பாதியாக இளைத்துவிட்டான்.

சாந்தகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்காகச் சிலிண்டர் தூக்கி வந்த தோள் அது. பதினேழு நாள் பார்த்தாள். பதினெட்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டின்போது சத்யபாமா, "நீ ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா இருக்கும்போது, மகள் இருக்கும்போது கேட்டுவிட்டாள். முரளிதரன் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தான்.

சாந்தகுமாரி எழுந்தாள். "சத்யா, கடைக்கு வா. ஒரு பேப்பர் காட்டணும்."

"இப்பவா? மழை பெய்யுது."

"இப்பவே வா."

கடையில் அப்துல் பாரி தொழுகைக்குப் போயிருந்தார். சாந்தகுமாரி கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைத் திறந்தாள். முதல் பக்கம். தேதியின்மேல் விரலை வைத்தாள்.

"இதைப் படி."

சத்யபாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். டிசம்பர் என்ற சொல்லைப் படித்தாள். நம்பரைப் படித்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அன்னிக்கே வந்துச்சு. நான் சொல்லல. நாப்பது நாள் வச்சிருந்தேன். முரளி மேல தப்பில்ல. எம்மேலதான்."

சத்யபாமா திரும்பவும் எழுத்தைப் பார்த்தாள். உதடு அசைய விரல்களில் எண்ணினாள். டிசம்பர் பதினாறிலிருந்து எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டாள்.

"ஏன்?"

"பொறுக்கல." வேறு சொல் வரவில்லை. "நீ போறது எனக்குப் பொறுக்கல. நான் ஒனக்குப் புடவை எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தவ. நீ கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறே. அம்மாவும் ஒன்னையே சொல்லுது. அண்ணனும் ஒன்னையே கேக்குறான். நான் ஒனக்கு டைப் அடிச்சுக் குடுக்குறேன். பொறுக்கல."

"நான் தினமும் வந்து கேட்டேனேக்கா."

"ஆமா."

"குழம்பு கொண்டாந்து குடுத்துட்டுக் கேட்டேனே."

சாந்தகுமாரி தங்கை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்யபாமா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மழையில் இறங்கி, வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்து போனாள். சாயங்காலம்தான் வீடு திரும்பினாள். முரளிதரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டில் தானே சோறு போட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டான்.

நான்கு நாட்களில் அவர்கள் ஊரின் வடகோடியில் இருக்கும் மிங்கலாடோனுக்குப் போய்விட்டார்கள். விமான நிலையச் சாலையில் ஒரு லாரிப் பட்டறையில் முரளிதரனுக்கு வேலை கிடைத்தது. பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. ஏன் அவசரமாகப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "அவருக்கு வேலை அங்கதானேம்மா" என்றாள் சத்யபாமா.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதுதான் சாந்தகுமாரியைக் கொன்றது. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்று நடுங்கினாள். அவனோ, "நீ இல்லேன்னா சத்யா பேப்பர் இவ்வளவு தூரம்கூட வந்திருக்காது சாந்தா. ஒனக்கு நல்ல மனசு" என்றான். அம்மா எப்போதும்போல் தைலம் தேய்க்கச் சொன்னாள். முரளிதரன் வழியில் பார்த்தபோது, "அண்ணி, சௌக்கியமா?" என்றான். அவனிடமும் சொல்லவில்லையா, அல்லது தெரிந்தும் இப்படிக் கேட்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் குடும்பத்தில் தலைகாட்ட முடியாது. அந்த வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். இதிலும் அவள்தான் மேலே நிற்கிறாள் என்று நினைத்தபோது சாந்தகுமாரிக்கு மறுபடி வயிறு எரிந்தது. இப்படியும் ஒரு மனசா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எரிச்சல் நின்றபாடில்லை.

ஆகஸ்டில் பவுனம்மாளுக்கு விசா கிடைத்தது. பெற்றோருக்கான கதவு அப்போது திறந்திருந்தது. அக்டோபரில் புறப்பட்டாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சத்யபாமா அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுவிட்டாள். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டாள்.

"நான் போய் அவங்கிட்ட சொல்றேன். ஒங்க ரெண்டு பேரையும் எப்பிடியாச்சும் கூப்பிட்டுக்கன்னு" என்று அம்மா அழுதாள். "ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி ஆதரவா இருங்கடி."

"இருக்கோம்மா" என்றாள் சத்யபாமா. சாந்தகுமாரி தலையாட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி திரும்பியதும், சத்யபாமா அக்காவைப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். எழுபத்தாறு வயதில், இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாமல், யாரோ தள்ளிக்கொண்டு போக, விமானத்தில் ஏறுகிற கிழவியைப் பார்த்துச் சாந்தகுமாரிக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற தாயைப் பார்த்தா என்று நினைத்து, அங்கேயே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிரிவுக்கு அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

நவம்பரில் ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது தெருவுக்கு எதிர்ப்பக்கம் சத்யபாமாவையும் மஞ்சுளாவையும் பார்த்தாள். மஞ்சுளா ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறியிருக்கிறாள், ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அப்துல் பாரி சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். ஆவணங்கள் மொழிபெயர்க்க வந்திருக்கிறார்கள். எழுந்து நின்றாள். அவர்கள் நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். புதிதாகத் திறந்த கடை அது. ஓர் இளைஞன் இரண்டே நிமிடத்தில் மென்பொருளை வைத்து மொழிபெயர்த்துக் கொடுப்பான். தன் தங்கையின் குடும்பப் பட்டியலை, தன் பெயரும் எழுதியிருந்த அந்தப் பழைய தாளை, எவனோ ஒருவன் கையில் வாங்கிப் பார்ப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை பார்த்தாள்.

பத்து நாள் கழித்து மத்தியானம் சத்யபாமா தனியாக வந்தாள். இந்தக் கடை வாசலில் நின்றாள். உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் வேறெங்கும் கரண்ட் இல்லை.

"மஞ்சுளா பேரை ஒரு எடத்துல ஒரு மாதிரியும் இன்னொரு எடத்துல வேற மாதிரியும் அடிச்சிருக்கான். ஜப்பான்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போவணும்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. காகிதங்களை மேஜைமேல் வைத்தாள்.

"உக்காரு."

"உக்கார மாட்டேன். இங்கயே நிக்கிறேன். என் கண்ணு முன்னால அடி. என் கண்ணு முன்னால அனுப்பு."

சாந்தகுமாரி அடித்தாள். தங்கை தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். அவள் மூச்சு கழுத்தில் பட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு தாள்கள். அப்துல் பாரி நோட்டரியிடம் தானே நடந்து போய் முத்திரை வாங்கி வந்தார். ஸ்கேன் செய்து, முகவரியை உரக்கப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள். சத்யபாமா தன் போனில் ஒப்பிட்டுப் பார்த்து, "சரி" என்றாள். அனுப்பினாள். போய்விட்டது என்று திரையில் வந்தது.

"மஞ்சு எப்பக் கெளம்புது?"

"விசா வந்தா பிப்ரவரி."

அந்தப் பிள்ளையும் போகப் போகிறாள். சாந்தகுமாரிக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய பிசைவு தொடங்கியது. அது வந்ததை உணர்ந்தாள். கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"பதில் வந்தா எனக்குப் போன் பண்ணு" என்றாள் சத்யபாமா. "வந்த நிமிசமே பண்ணு."

"பண்றேன்."

சத்யபாமா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். மிங்கலாடோன் பஸ் நாலரைக்குத்தான். வெயில் கடுமையாக இருந்தது. வாசல்வரை போய் நின்றவள் திரும்பி வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாந்தகுமாரி அடுத்த ஆளின் மப்போண்டினை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.